பஞ்சு அடைத்த சுவர்

அம்முலு தன் புருஷன் பேரைச் சொல்லமாட்டாள். இதில் என்ன அதிசயம், அந்தக் காலத்தில் எந்தப் பெண்பிள்ளைதான் சொன்னாள் என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் அவளுக்கு வாய்த்தவன் பேர் பெருமாள். உத்திரமேரூருக்குப் பக்கத்து ஊர்க் காலனியில் குடியிருந்துகொண்டு, நாளும் கிழமையும் உத்திரமேரூர் கடைத்தெருவுக்கு நடந்துகொண்டு, பெருமாள் என்கிற வார்த்தை வாயில் வராமல் ஒருத்தி காலம் தள்ளுவது லேசுப்பட்ட காரியமா? ஊர் நடுவில் மூன்றடுக்காக நிற்கிறது பெருமாள் கோயில். அதை அவள் ‘நாமத்து சாமி கோயிலு’ என்பாள். ரேஷன் கார்டு எழுத வந்தவர் புருஷன் பேரைக் கேட்டபோது, கோயிலில் நாமம் போட்டுக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பேர்தான் என்றாள். அவர் வெளியூர்க்காரர். வரதராஜன் என்று எழுதப் போனார். நல்லவேளை, அடுத்த வீட்டுச் சிட்டம்மாள் ஓடிவந்து காப்பாற்றினாள். இல்லாவிட்டால் அம்முலு சாகிற வரைக்கும் வேறு எவனுக்கோ பெண்டாட்டியாகச் சர்க்கரை வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பெருமாளுக்கு இது பெரிய வேடிக்கை. அவளைச் சீண்டுவதற்கென்றே, ஒரே ஒரு தடவை என் பேரைச் சொல்லு, காஞ்சிபுரத்துப் பட்டே வாங்கித் தருகிறேன் என்பான். அவள் “போய்யா, வேற வேல இல்ல ஒனக்கு” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பட்டும் வரவில்லை, பேரும் வரவில்லை.

அவன் வேலை பார்த்தது பட்டணத்துக்கு வடகோடியில், மில்பேட்டையில். ஒரு காலத்தில் அங்கே திரும்பின பக்கமெல்லாம் மில்லுதான். இவன் இருந்தது மணிக்கூண்டு மில். பஞ்சு அடிக்கிற செக்‌ஷனில் இருந்தான். மாசத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருவான். வந்ததும் வாசலிலேயே உட்காரவைத்து, தலையிலும் புருவத்திலும் காதோரத்திலும் ஒட்டியிருக்கிற பஞ்சை அம்முலு ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். குளித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன் என்று அவன் சத்தியம் செய்வான். அவளுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு துணுக்கு அகப்பட்டுவிடும். அவர்களுக்குக் குழந்தை குட்டி கிடையாது. வேண்டாத தெய்வமில்லை. அப்புறம், விட்டது தொல்லை, உனக்கு நான் எனக்கு நீ என்று தேற்றிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

எமர்ஜென்சி முடிந்த வருஷம் மில்லை மூடிவிட்டார்கள். அது ஒன்று மட்டுமில்லை, வரிசையாக எல்லாவற்றுக்கும் பூட்டு விழுந்தது. பெருமாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஊருக்கு வந்து சேர்ந்தான். இத்தனை வருஷம் கூரைக்குக் கீழே நின்று வேலை செய்தவனுக்கு வயல் வேலைக்கு உடம்பு வணங்கவில்லை. அறுப்புக்குப் போனால் அரிவாள் விரலைப் பதம் பார்த்தது. நிலத்துக்காரர் தாண்டவராய முதலியார், மில்லு தொரைக்கு ஒரு நாற்காலி போடுங்கடா என்று எல்லாரையும் வைத்துக்கொண்டு கிண்டல் செய்தார். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. அம்முலுவும் சாப்பிடவில்லை.

இப்படி ஒரு வருஷம் போயிருக்கும். அதே காலனியிலிருந்து அவனோடு மில்லில் இருந்த அருள்தாஸ் ஒரு சேதி கொண்டுவந்தான். மில்லை இடிக்கப் போகிறார்கள், அந்த இடத்தில் கலைக்கூடம் ஒன்று வருகிறது, இடிக்கவும் கட்டவும் ஆள் எடுக்கிறார்கள் என்றான். பெருமாள் டிரங்குப் பெட்டியைத் திரும்பவும் தூக்கிக்கொண்டான். தான் இருபது வருஷம் நின்ற இடத்தைத் தன் கையாலேயே கடப்பாரை போட்டு இடித்தான். அந்த மாசம் ஊருக்கு வந்தபோது தலையில் பஞ்சு இல்லை, செங்கல் தூள் இருந்தது. அம்முலு அதையும் தட்டிவிட்டாள். பெரிய புகைபோக்கியைச் சாய்த்தபோது அருள்தாஸ் அழுதுவிட்டான் என்று சொன்னான். நீ அழுதியா என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமில்லை.

ஆனால் கட்டடம் மேலே எழும்ப எழும்ப அவனுக்கு மனசு மாறியது. யார் வீட்டுக் கல்யாணமோ, இவன் மாரில் சந்தனம் என்கிற மாதிரி அதைப் பற்றியே பேச ஆரம்பித்தான். தூணே இல்லாத கூடமாம். கூரை ஒரு பெரிய முறத்தைக் கவிழ்த்துவைத்த மாதிரி இருக்குமாம். வெள்ளைக்காரன் தேசத்தில் படித்துவிட்டு வந்த ஒருத்தர் படம் போட்டுக் கொடுத்தாராம். அதிலும் உள்ளே அவர்கள் செய்கிற ஒரு வேலை அவனைப் பைத்தியமாக அடித்துவிட்டது. சுவர் முழுக்கச் சட்டம் அடித்து, சட்டத்துக்குள் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்றைத் திணித்து, மேலே ஓட்டை ஓட்டையாக இருக்கிற பலகையை வைத்து மூடுகிறார்கள். மேடையில் பேசினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும், ஆனால் போன சத்தம் திரும்பி வராது. பஞ்சில் பழகின ஆள் என்று மேஸ்திரி அந்த வேலைக்கே பெருமாளைப் போட்டுவிட்டார்.

“மில்லுல பஞ்ச நூலாக்கனோம். இங்க பஞ்ச சொவுத்துக்குள்ள வச்சி அடைக்கிறோம். எங்க போனாலும் இந்தப் பஞ்சு என்ன விட மாட்டேன்னுது” என்று சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். “கட்டி முடிக்கட்டும், ஒன்ன இட்டுக்கினு போய்க் காட்டறேன். நடுவுல நின்னுக்கினு எம் பேரச் சொல்லிக் கத்து. ஒரு ஈ காக்காவுக்குக் கேக்காது. நான் அடச்ச செவுரு, அப்டியே முயுங்கிடும். அப்பவாச்சும் சொல்லுவியா?”

சரி, அப்போது பார்க்கலாம் என்றாள் அம்முலு. அவள் அந்த அளவுக்கு இறங்கிவந்ததே அதுதான் முதல் தடவை. அவன் போன பிறகு கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவன் வரவில்லை. வெள்ளிக்கிழமையே ஒரு வேனில் வந்தான். மேடைக்கு இடது கைப்பக்கம், படி ஏறுகிற இடத்துக்கு நேர் மேலே, சாரத்தில் நின்று பலகை அடித்துக்கொண்டிருந்தபோது கட்டு அவிழ்ந்துவிட்டது. கீழே மேடைக்கு மண் கொட்டிக் கெட்டித்து வைத்திருந்தார்கள். அந்த மண்ணில்தான் விழுந்தான். தலையில் அடி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறதுக்குள் எல்லாம் ஆகிவிட்டது. காண்டிராக்டர் ஆள் ஒருத்தன் வேனோடு வந்து, பாடியை இறக்கிவிட்டு, குடிக்கத் தண்ணீர்கூட வாங்காமல் கிளம்பிப் போனான். அம்முலு அவன் தலைமாட்டில் உட்கார்ந்து வழக்கம்போல முடியில் விரலை விட்டாள். துணுக்குத் துணுக்காக மஞ்சள் நிறத்தில் என்னவோ ஒட்டியிருந்தது. தூக்குகிற வரைக்கும் அதைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

அவர்கள் ஜனத்தில் ஒரு வழக்கம் உண்டு. தூர இடத்தில் அடிபட்டுச் செத்தவன், உடம்பு ஊருக்கு வந்துவிட்டாலும், அவன் வந்ததாகக் கணக்கில்லை. விழுந்த இடத்திலேயே திகைத்துப் போய் நிற்பான். கருமாதிக்குள், தவறினால் என்றைக்கு முடிகிறதோ அன்றைக்கு, யாராவது போய் அழைத்துவர வேண்டும். வீட்டு வாசல் மண்ணை ஒரு பிடி முடிந்துகொண்டு போய், அடையாளம் தெரிவதற்காக அந்த இடத்தில் போட வேண்டும். போட்டு, பேரைச் சொல்லி மூன்று தரம் கூப்பிட வேண்டும். கூப்பிட்டதும் பதிலுக்கு ஏதாவது ஒரு சத்தம் வரும். பல்லி சொல்லும், காக்கை கரையும், எங்கேயாவது ஒரு நாய் குரைக்கும். அதுதான் அவன் வருகிறேன் என்று சொல்வது. உடனே வீட்டு மண்ணோடு அந்த இடத்து மண்ணையும் சேர்த்து அள்ளி முடிந்துகொண்டு, வழியில் எங்கேயும் கீழே வைக்காமல், ஆறு குறுக்கிட்டால் மறுபடி ஒரு தரம் கூப்பிட்டு, ஊருக்குக் கொண்டுவந்து குழிமேட்டில் சேர்க்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவார்கள். ஆள் உள்ளே வந்தாயிற்று என்று அர்த்தம்.

பெருமாளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை, பிள்ளை இல்லை. பெண்டாட்டியோ பேரைச் சொல்லக் கூடாதவள். அருள்தாஸ்தான் முன்வந்தான். “எங்க சபையில இத்தெல்லாம் ஒத்துக்க மாட்டாங்க அண்ணி. பரவால்ல, நான் போறேன்” என்று வாசல் மண்ணை வாங்கிக்கொண்டு போனான். செத்த இடத்தை வைத்துப் போலீஸ் கேஸ், வழக்கு என்று எதுவும் கிளம்பிவிடக் கூடாதென்று காண்டிராக்டர், ஊர்க்காரர்கள் யாரையும் உள்ளே விடவேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். அங்கேயே வேலை செய்தவன் என்றும் பார்க்காமல் காவலாளி விரட்டிவிட்டான். இரண்டாவது தடவை போனபோது மேடைக்குக் கான்கிரீட் போட்டு முடித்து ஈரச்சாக்கு விரித்திருந்ததை, இன்னும் கதவு வைக்காத வாசல் வழியாக, கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பினான். வந்து மண்ணை அவள் கையில் திருப்பிக் கொடுத்தான்.

அன்றையிலிருந்து அம்முலு தாழ்ப்பாள் போடுவதை விட்டாள். வீட்டு ஆம்பளை வெளியே நிற்கும்போது எந்தப் பொம்பளை தாழ்ப்பாள் போடுவாள்? கதவு ஒருச்சாய்ந்தே கிடக்கும். தெருநாய் ஒன்று இதைக் கண்டுபிடித்துக்கொண்டு தினம் ராத்திரி உள்ளே வந்து, பானையை உருட்டி, மிச்சக் கஞ்சியைக் குடித்துவிட்டு, அடுப்படிச் சாம்பலில் படுத்துத் தூங்கிவிட்டு விடியற்காலம் எழுந்து போகும். சிட்டம்மாள் திட்டாத நாளில்லை. ஒண்டியாக இருக்கிற பொம்பளை கதவைத் திறந்துபோட்டுப் படுக்கலாமா, நாய் வருகிற வழியில் நரி வராதா என்பாள். அம்முலு உம் கொட்டுவாள். தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கையோடு வந்துவிட்டது. அப்படி நாலு வருஷம் ஓடியது.

அந்தத் தை மாசம், அறுப்பு முடிந்த கையோடு, ஒன்றிய ஆபீசில் இருந்த கிராம சேவிகை சுலோச்சனா மகளிர் மன்றத்துப் பெண்களைப் பட்டணம் சுற்றிக் காட்ட ஏற்பாடு செய்தாள். நல்ல பெண். புகையில்லாத அடுப்பு, சத்து மாவு என்று ஊர் ஊராகச் சைக்கிளில் போய்த் தொண்டை வற்றப் பேசுகிறவள். அவள் பார்க்கவேண்டிய இடங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடற்கரை, செத்த காலேஜ் என்கிற மியூசியம், உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சிச் சாலை, மில்பேட்டையில் புதிதாகத் திறந்த கலைக்கூடம். அந்தக் கட்டடத்துக்குள் தன்னை மாதிரி ஒருத்தி காலெடுத்து வைக்க இதைவிட்டால் வேறு வழியே வராது என்று அம்முலுவுக்குத் தெரியும். அதுவரைக்கும் எந்தக் கூட்டத்துக்கும் போகாதவள் முதல் ஆளாகக் கைநாட்டு வைத்தாள்.

சிட்டம்மாளிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். சிட்டம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். “நீ எப்டி பேரச் சொல்லிக் கூப்டுவ?” என்று கேட்டாள். வேறு ஆள் யார் இருக்கிறார்கள் என்றாள் அம்முலு. ஏரிக்கரைக்குச் சாணி பொறுக்கப் போனபோது, ஆள் இல்லாத இடமாகப் பார்த்து நின்று, சொல்லிப் பார்த்தாள். வாய் திறந்தது. உதடு ஒட்டியது. மூச்சுதான் வந்தது. ஒரு கொக்கு இவளையே பார்த்துக்கொண்டிருந்தது. அவமானமாகப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

போகிற நாளில் வாசல் மண்ணை முந்தானை ஒரு முனையில் முடிந்துகொண்டு, கொண்டுவருகிற மண்ணுக்கென்று ஒரு மஞ்சள் துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் ஊர்த் தெருப் பெண்கள் முன்னால் உட்கார்ந்துகொள்ள, காலனிப் பெண்களுக்குப் பின்சீட்டு கிடைத்தது. அது யாரும் சொல்லி நடக்கிறதில்லை, தானாக நடக்கிறது. எல்லாரும் பாட்டும் கும்மாளமுமாக வந்தார்கள். கடலைப் பார்த்துக் கூத்தாடினார்கள். செத்த காலேஜில் எலும்புக்கூட்டைப் பார்த்துக் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அம்முலு எதையும் பார்த்ததாக ஞாபகமில்லை. முந்தானை முடிச்சை மட்டும் தடவிக்கொண்டே இருந்தாள்.

மில்பேட்டைக்குள் பஸ் நுழைந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கிற மில்லுகள். சுவரெல்லாம் அரச மரம் முளைத்திருந்தது. அங்கங்கே புகைபோக்கிகள் புகையில்லாமல் நின்றன. அதற்கு நடுவில், சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்த மாதிரி வெள்ளைவெளேரென்று அந்தக் கட்டடம். கவிழ்த்துவைத்த முறம்தான், அவன் பொய் சொல்லவில்லை. வாசல் முழுக்கக் கண்ணாடி. உள்ளே கால் வைத்த இடமெல்லாம் கல், கல்லுக்கு மேலே சிவப்புக் கம்பளம். பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வழுக்கிவிடுமோ என்று ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். அம்முலு குனிந்தபடியே போனாள். அவள் மண்ணைத் தேடினாள். ஒரு சாண் அளவுக்குக்கூட எங்கேயும் மண் கண்ணில் படவில்லை.

பெரிய கூடத்துக்குள் குளுகுளுவென்று இருந்தது. சுற்றிக் காட்ட ஒரு இளம் அதிகாரி வந்தார். அவருக்கு அந்தக் கட்டடத்தின் மேல் நிஜமாகவே ஆசை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். பிறகு எல்லாரையும் ஒரே சமயத்தில் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள். சத்தம் வந்த இடத்திலேயே செத்து விழுந்தது. “பாத்தீங்களாம்மா? நீங்க எவ்வளவு சத்தம் போட்டாலும் இங்க எதிரொலி வராது. தென்னாட்டுலயே இப்படி ஒரு ஹால் கிடையாது” என்றார். பெண்களுக்கு ஒரே குஷி. இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று தட்டிப் பார்த்தார்கள். அம்முலு மேடைக்கு இடது கைப்பக்கத்துச் சுவரைப் பார்த்தாள். ஓட்டை ஓட்டையான பலகை மேலே வரைக்கும் போனது. எதுவரைக்கும் அவன் அடித்தது, எங்கேயிருந்து வேறு ஆள் அடித்தது என்று அடையாளம் ஒன்றும் இல்லை.

புளியோதரைப் பொட்டலம் கொடுக்க எல்லாரையும் வெளியே கூப்பிட்டார்கள். அம்முலு கடைசியாக நடந்து, வரிசை சீட்டுகளுக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். கதவு சாத்துகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, அவ்வளவு மெத்தென்று சாத்தியது. எழுந்து மேடைக்குப் போனாள். படி ஏறுகிற இடத்தில், வழவழவென்று இருந்த அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து கையால் தடவினாள். சில்லென்றிருந்தது. அருள்தாஸ் சொன்ன இடம் இதுதான். இதற்குக் கீழேதான் எங்கேயோ இருக்கிறது அந்த மண்ணு. நகத்தால் ஓரத்தைக் கீறிப் பார்த்தாள். நகம்தான் மடங்கியது. முந்தானை முடிச்சை அவிழ்த்து வாசல் மண்ணை அந்தக் கல்லின் மேல் கொட்டினாள்.

கூப்பிட வேண்டும். நாற்பத்தைந்து வயசுக்கு மேல் ஆகிவிட்டது, இனி என்ன வெட்கம், அவனுக்காகத்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “பெருமாளு” என்றாள். அது அவள் குரலாகவே இல்லை. காது மடல் சுட்டது. கூடமோ அதைக் காதிலேயே வாங்காததுபோல் இருந்தது. கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாவது தரம், வயலில் அக்கரையிலிருந்து ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டாள்.

பதில் வரவில்லை. எங்கிருந்து வரும்? பல்லிக்கு அங்கே ஒட்டுவதற்கு இடமில்லை. காக்கையும் நாயும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். காற்றுகூட மெஷினில் வருகிற காற்று. காட்டில், வெட்டவெளியில் கூப்பிட்டிருந்தால்கூட அவள் குரலாவது ஒரு பாறையில் பட்டு அவளிடமே வந்திருக்கும். இங்கே அதுவும் இல்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டாள். எண்ணிக்கை தப்பிப்போய்விட்டது. கூப்பிட்ட பேரையெல்லாம் சுவர் வாங்கி வாங்கி உள்ளே வைத்துக்கொண்டது. இருபத்தைந்து வருஷமாக அவன் கேட்டுக்கொண்டே இருந்த பேர்.

அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. சாமி மேலேயோ காண்டிராக்டர் மேலேயோ இல்லை, அவன் மேலே வந்தது. சுவரைப் பார்த்து, “நீதானய்யா அடச்ச. நீயே அடச்சிட்டு, இப்ப நான் கூப்புடறது ஒனக்குக் கேக்கலியா?” என்றாள். சொல்லிவிட்டு, அந்தப் பலகையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். நாலு வருஷமாக அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அதுவும் வெளியே யாருக்கும் கேட்கவில்லை.

பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு துப்புரவு வேலை செய்கிற பெண் ஒருத்தி நீளத் துடைப்பத்தோடு வந்தாள். அம்முலுவை அவள் முதலில் பார்க்கவில்லை. படியோரத்தில் கொட்டிக் கிடந்த மண்தான் கண்ணில் பட்டது. யார் இங்கே மண்ணைக் கொண்டுவந்து போட்டது, ஆபீசர் பார்த்தால் என் சீட்டுக் கிழிந்துவிடும் என்று முணுமுணுத்துக்கொண்டே, அம்முலு திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரே வீச்சில் கூட்டி முறத்தில் வாரிவிட்டாள். வாசல் மண், மேடைத் தூசு, காகிதத் துண்டு எல்லாம் ஒன்றாய்ப் போயிற்று.

அம்முலு ஓடிவந்து முறத்தைப் பிடித்துக்கொண்டாள். “அத்தக் கொட்டாதம்மா. என் வூட்டுக்காரு இங்கதான் வுயுந்து செத்தாரு” என்றாள். அவளுக்கு வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அந்தப் பெண் முறத்தைக் கீழே வைத்தாள். அவளும் எந்த ஊரிலிருந்தோ பிழைக்க வந்தவள்தான். மண்ணெடுக்க வந்தாயா என்று மட்டும் கேட்டாள். அம்முலு தலையாட்டினாள்.

“மண்ணு எங்க கீது இங்க? தூசுதான் கீது” என்றாள் அந்தப் பெண். பிறகு என்ன நினைத்தாளோ, குனிந்து, படிக்கு அடியில் துடைப்பம் எட்டாத இடுக்கிலெல்லாம் விரலை விட்டு வழித்து, ஒரு கை தூசு சேர்த்து அம்முலுவின் மஞ்சள் துணியில் போட்டாள். முறத்தில் இருந்ததையும் காகிதத்தைப் பொறுக்கி எறிந்துவிட்டுக் கொட்டினாள். பாட்டுக் கேட்க வந்தவர்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்த தூசு. எந்தெந்தத் தெருவினுடையதோ. அம்முலு அதை முடிந்து மடியில் வைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது சுலோச்சனா எல்லாரையும் எது பிடித்தது என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அம்முலு, கட்டடம் நல்லா கீதும்மா என்றாள். அது பொய்யில்லை. பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது ஜன்னல் பக்கம் திரும்பி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, “வா, வூட்டுக்குப் போலாம்” என்றாள். பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த சிட்டம்மாள் விழித்துக்கொண்டாள். ஆற்றில் தண்ணீர் இல்லை, வெறும் மணல். தண்ணீர் இருந்திருந்தாலாவது ஒரு சத்தம் கேட்டிருக்கும்.

மறுநாள் குழிமேட்டில் சேர்க்கும்போது காலனி ஜனம் முழுக்க வந்தது. அருள்தாஸும் வந்து கொஞ்சம் தள்ளிக் கைகட்டிக்கொண்டு நின்றான். பெரியவர்கள் அம்முலுவைக் கேட்டார்கள், கூப்பிட்டதுக்குக் குரல் கொடுத்தானா என்று. எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். நாலு வருஷமாக அந்தச் சாவு அவர்கள் எல்லாருக்கும் தொண்டையில் முள்ளாகத்தான் இருந்தது.

“குடுத்தாரு. பல்லி சொல்லிச்சி” என்றாள் அம்முலு.

எல்லாரும் மூச்சு விட்டார்கள். அருள்தாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சிட்டம்மாளின் புருஷன் சடையப்பன் உத்திரமேரூருக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் ஒன்று வாங்கிவந்து, பழைய ஓட்டையை அடைத்து, ஆணி அடித்துப் பொருத்திக் கொடுத்தான். இழுத்து இழுத்துப் பார்த்து, இனி யானை தள்ளினாலும் திறக்காது என்றான். பொழுது சாய்ந்ததும் சிட்டம்மாள் அவளுக்குச் சோறு கொண்டுவந்து வைத்து, சாப்பிடுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்து, இன்றைக்கு மறக்காமல் போட்டுக்கொள், ஆள் வந்தாயிற்று, நிம்மதியாகத் தூங்கு என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்முலு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்ட சத்தம் அடுத்த வீட்டுக்குக் கேட்டது. சிட்டம்மாளுக்கு மனசு நிறைந்துவிட்டது.

விடியற்காலம் வாசல் தெளிக்க எழுந்த சிட்டம்மாள் சாணித் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டாள். அம்முலு வீட்டுக் கதவை மூக்கால் தள்ளிக்கொண்டு, முதுகெல்லாம் அடுப்புச் சாம்பலாக, அந்த நாய் வெளியே வந்தது. நின்று சோம்பல் முறித்து, உடம்பை உதறிக்கொண்டு, தெருவில் இறங்கிப் போனது. பின்னாலேயே அம்முலு துடைப்பத்தோடு வந்தாள்.

“இன்னாடி, ராத்திரி சத்தம் கேட்டுச்சே, தாப்பா போடலியா?” என்று கேட்டாள் சிட்டம்மாள்.

அம்முலு அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து கூட்ட ஆரம்பித்தாள்.

“மறந்து பூட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் மறந்துகொண்டேதான் இருந்தாள், சாகிற வரைக்கும்.